இன்னும் எத்தனை நிமிஷக் காற்று?

கேள்வி: கடையில் ‘ஏ.ஐ. டைவ் கம்ப்யூட்டர்’ என்று போட்டிருக்கிறார்கள். கடலுக்கடியிலும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதா?
— கோவை வாசகர்

பதில்: இல்லை. அது ‘ஏர் இன்டகிரேட்டட்’. அறிவை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

சாதாரண டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் பார்க்கும். அதை வைத்து உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ‘இந்த ஆழத்தில் இன்னும் இத்தனை நிமிடம் இருக்கலாம்’ என்று சொல்லும். டேங்கில் காற்று எவ்வளவு பாக்கி என்பது அதற்குத் தெரியாது. ஹோஸில் தொங்கும் முள் கேஜைத் தூக்கி நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்-இன்டகிரேட்டட் ரகத்தில், டேங்கின் வாயில் மாட்டும் ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் உள்ள உயர் அழுத்தத் துளையில் ஒரு டிரான்ஸ்மிட்டரைத் திருகிவிடுவார்கள். டேங்க் அழுத்தம் மணிக்கட்டுத் திரைக்கே வந்துவிடும்.

கேள்வி: தேனிலவுக்கு அந்தமான் போகிறோம். ஹாவ்லாக்கில் ஒருநாள் ஸ்கூபா பதிவு செய்திருக்கிறோம். ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா?
— திருப்பூர் புதுமாப்பிள்ளை

பதில்: வேண்டாம். சான்றிதழ் இல்லாதவர்களுக்கான அறிமுக டைவில் 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். கம்ப்யூட்டர் பயிற்சியாளர் கையில் இருக்கும், உங்கள் டேங்கும் கிட்டத்தட்ட அவர் கையில்தான் இருக்கும். அந்தக் காசில் இன்னொரு டைவ் போங்கள். மனைவியையும் கேட்டுக்கொண்டு.

கேள்வி: ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். வருஷத்துக்குப் புதுச்சேரியில் சில டைவ், அந்தமானில் சில. ஏர்-இன்டகிரேட்டட் இல்லாமல் போனால் என் உயிருக்கு ஆபத்து என்கிறார் கடைக்காரர்.
— வேளச்சேரி வாசகி

பதில்: ஆபத்து உங்கள் பணத்துக்குத்தான். சொந்தமாக ஒரு டைவ் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது முள் கேஜோடு சேர்ந்தால் உங்கள் தேவைக்கு நிறைவாகப் போதும். அமெரிக்கச் சந்தையில் அடிப்படை மாடல் ஒன்று சுமார் 200 – 300 டாலர். டிரான்ஸ்மிட்டர் மட்டுமே 300 டாலருக்கு மேல் ஆகும், அதாவது காதணியைவிடத் திருகாணி விலை அதிகம்.

யார் வாங்கலாம்? இரண்டு கையிலும் கேமராவைப் பிடித்திருப்பவர்கள். மாணவர்களின் டேங்கையும் கவனிக்க வேண்டிய பயிற்சியாளர்கள். தன் காற்றுச் செலவை ஆராய்ந்து குறைக்க நினைப்பவர்கள். இதில் நீங்கள் எப்போதாவது சேரக்கூடும் என்றால், டிரான்ஸ்மிட்டரைப் பிறகு சேர்த்துக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டராக இப்போதே வாங்கிவையுங்கள். இங்கேதான் பெயர்க் குழப்பம் வரும். ஷியர்வாட்டர் நிறுவனத்தின் ‘பெரெக்ரின்’ (2020) டிரான்ஸ்மிட்டரை ஏற்காது, 2024இல் வந்த ‘பெரெக்ரின் டி.எக்ஸ்.’ ஏற்கும். கடைசி இரண்டெழுத்தைப் பார்க்காமல் பில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் ஸ்மார்ட் வாட்ச் புளூடூத்தில் வீடு முழுக்க வேலை செய்கிறது. இந்த டிரான்ஸ்மிட்டர் மட்டும் என் முதுகிலிருந்து கைக்கு வருவதற்குள் திணறுகிறதே, ஏன்?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: உங்கள் வீடு தண்ணீரில் மூழ்கினால் புளூடூத்தும் திணறும். அது பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கடல்நீர் சில சென்டிமீட்டருக்குள் விழுங்கிவிடும். ஆகவே பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் 38 கிலோஹெர்ட்ஸ் அளவில், மிகக் குறைந்த அதிர்வெண்ணில், சில விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் துடிப்பாக அழுத்தத்தைச் சொல்கின்றன. எட்டும் தூரம் ஒன்றிரண்டு மீட்டர்தான். உங்கள் முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் அது போதும், ஆனால் கையை முழுக்க நீட்டி உடம்பை நடுவில் வைத்தால் விட்டுப்போகலாம். கம்ப்யூட்டர் கட்டும் கைப்பக்கமாகவே டிரான்ஸ்மிட்டர் இருக்கும்படி திருகச் சொல்லுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

மீதிக்குக் காரணங்கள் உண்டு. கேமரா ஸ்ட்ரோப் சார்ஜ் ஏறும்போது சிக்னல் கெடும். ஒரே படகில் ஒரே ரக டிரான்ஸ்மிட்டர் பத்து இருந்தால், இரண்டு ஒரே நேரத்தில் பேசி எதுவும் கேட்காமல் போகும். ஷியர்வாட்டரின் ‘ஸ்விஃப்ட்’ டிரான்ஸ்மிட்டர், பக்கத்தில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு, இடைவெளி பார்த்துப் பேசும். நம் டிவி விவாதங்களில் இன்னும் வராத தொழில்நுட்பம். கார்மின் வேறு வழியில் போனது: 2020இல் வந்த ‘டிசென்ட் எம்கே2ஐ’ ஒலியலையில், அதாவது சோனாரில், பேசுகிறது. அது 10 மீட்டர் வரை எட்டும் என்பதால் கூட வருபவர்களின் டேங்கையும் பார்க்கலாம்.

ஒரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டர் இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரோடு பேசும் என்று நம்பி வாங்காதீர்கள். சில ஜோடிகள் சேரும், பல சேராது. சுன்டோவின் ‘டேங்க் பாட்’ சுன்டோவுக்கு மட்டும்தான்.

கேள்வி: ‘இன்னும் 24 நிமிடம் காற்று இருக்கிறது’ என்று திரை காட்டுகிறது. எந்தத் தைரியத்தில் சொல்கிறது?
— தூத்துக்குடி பொறியியல் மாணவர்

பதில்: உங்கள் மீது வைத்த நம்பிக்கையில். இதுவரை எப்படி மூச்சு விட்டீர்களோ அப்படியே தொடர்வீர்கள், இதே ஆழத்திலேயே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80 டேங்கின் கொள்ளளவு 11.1 லிட்டர். அதில் 200 பார் அழுத்தம் இருந்தால் சுமார் 2,200 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் என்று வைத்துக்கொள்வோம், புதியவருக்கு அது சாதாரணம். 20 மீட்டர் ஆழத்தில் சுற்றுப்புற அழுத்தம் 3 பார். அதே மூச்சுக்கு 60 லிட்டர் போகும், டேங்கில் நிமிடத்துக்கு 5.4 பார் இறங்கும். 50 பார் கையிருப்பு வைக்க வேண்டும் என்றால் செலவழிக்க 150 பார், அதாவது சுமார் 28 நிமிடம். 10 மீட்டருக்கு ஏறுங்கள், அழுத்தம் 2 பார், அதே காற்று சுமார் 42 நிமிடம் வரும். கம்ப்யூட்டர் செய்வதும் இதே வகுத்தல்தான். நல்ல மாடல்கள் மேலேறத் தேவையான காற்றையும் கழித்துவிட்டுச் சொல்லும். ஆனால் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப் அதில் அடக்கமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த ஒரு வரிக்காகவாவது கையேட்டைத் திறந்து பாருங்கள்.

கல்லாரிலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது காரில் ‘பெட்ரோல் இன்னும் 300 கிலோமீட்டருக்கு வரும்’ என்றது 180 ஆகிவிடும், இறங்கும்போது தானாகக் கூடும். இதுவும் அப்படியே. நீரோட்டத்தை எதிர்த்து நாலு உதை உதைத்தால் 24 நிமிடம் 13 ஆகும், பவளப்பாறை ஓரமாக நின்று மூச்சை அடக்கமாக விட்டால் 19க்கு ஏறும். கடைசிச் சில நிமிடங்களின் சராசரிதான் அது. அதைப் பார்த்துப் பதறினால் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும், எண் இன்னும் குறையும். சிலர் தங்கள் கம்ப்யூட்டரோடு இப்படியொரு தகராறில் முழு டைவையும் கழிப்பார்கள்.

இன்னொன்று. படகில் வெயிலில் காய்ந்த டேங்கில் 205 பார் இருந்து, குதித்ததும் 198 காட்டினால் ஓட்டை என்று அலறாதீர்கள். 10 டிகிரி குளிர்ந்தாலே ஏறக்குறைய 7 பார் இறங்கும். முதல் சில நிமிடங்களில் திரை சொல்லும் காற்று நேரத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை.

கேள்வி: அப்படியானால் முள் கேஜைக் கழற்றிவிடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: டைவர்கள் இரண்டு பேரை அடித்துக்கொள்ள வைக்க இதைக் கேட்டால் போதும். ‘கழற்று’ என்பவர்கள் சொல்வது: ஒரு ஹோஸ் குறையும், கசிய ஓர் இடம் குறையும், பவளத்தில் இழுபடும் சாமான் குறையும். டிரான்ஸ்மிட்டர் நின்றால் டைவை முடித்துக்கொண்டு மேலே வந்துவிடலாம், உல்லாச டைவில் அதற்கென்ன தடை? நியாயம்தான். ‘வைத்திரு’ என்பவர்கள், பேட்டரி இல்லாமல் வேலை செய்யும் ஒரே அளவுமானி அதுதான் என்கிறார்கள்.

நான் வைத்திரு கட்சி. காசு கொடுத்து அந்தமான் வரை போய், முதல் டைவின் ஏழாவது நிமிடத்தில் சிக்னல் விட்டுத் திரையில் கோடு விழுந்ததற்காக மேலே வருவது எனக்குக் கட்டுப்படியாகாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது பொய் சொல்கிறது என்றும் தெரியும். முள்ளும் பொய் சொல்லும், அதுவும் ஓர் இயந்திரம்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்குப் போக எந்தக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும்?
— மட்டக்களப்பு வாசகர்

பதில்: எதுவும் வாங்க வேண்டாம், முதலில் படியுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. உல்லாச டைவின் எல்லை 40 மீட்டர். அதைத் தாண்டினால் டெக்னிகல் டைவ், அதற்குப் பயிற்சி வேறு, வாயுக் கலவை வேறு, டேங்க் எண்ணிக்கை வேறு.

மேலே தூத்துக்குடித் தம்பிக்குப் போட்ட கணக்கையே 53 மீட்டருக்குப் போடுங்கள். அழுத்தம் 6.3 பார். நிமிடத்துக்கு 126 லிட்டர். 150 பார் காற்று 13 நிமிடத்தில் தீரும், அதில் இறங்குவதும் ஏறுவதும் அடக்கம். கரைந்த நைட்ரஜன் வெளியேற மேலேறும் வழியில் நிற்க வேண்டிய டெகோ நிறுத்தங்களுக்குக் காற்று மிச்சமிருக்காது. நைட்ரஜன் போதையில் அந்த வகுத்தலைச் செய்யும் நிலையிலும் இருக்க மாட்டீர்கள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துல்லியமாகப் பதிவு செய்து வைக்கும், விசாரணைக்கு உதவும்.

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்தேதான் டைவ் போகிறோம். ‘ஒரே கம்ப்யூட்டர் போதும், நான் கட்டிக்கொள்கிறேன்’ என்கிறார்.
— பெயர் வேண்டாம், அவர் இந்தப் பத்திரிகை படிப்பவர், சென்னை

பதில்: அவரும் படிக்கட்டும்: கூடாது. அவர் மேலே மிதந்து படம் எடுப்பார், நீங்கள் களவா மீனைப் பார்க்க 4 மீட்டர் கீழே போவீர்கள். உங்கள் உடம்பில் கரைந்த நைட்ரஜன் அவர் கையிலிருக்கும் கருவிக்கு எப்படித் தெரியும்? ஆளுக்கொன்று கட்ட வேண்டும். காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்று மாற்றிக் கட்டினால் இன்னும் மோசம், முதல் டைவின் மிச்ச நைட்ரஜன் கணக்கு ஆள் மாறிப் போய்விடும்.

அவர் டேங்கிலும் ஒரு டிரான்ஸ்மிட்டர் போட்டு உங்கள் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும்வரை அவர் காற்றும் உங்கள் திரையில் தெரியும். பல மாடல்கள் இதற்கு இடம் தருகின்றன. ‘எவ்வளவு இருக்கிறது?’ என்று சைகையில் கேட்டால் ‘எல்லாம் இருக்கிறது’ என்று அவர் மழுப்ப முடியாது. பெரும்பாலான கணவர்கள் இந்த வசதியை விரும்புவதில்லை.

கேள்வி: நைட்ராக்ஸ் நிரப்பினால் டிரான்ஸ்மிட்டர் தானே கண்டுபிடித்துக்கொள்ளுமா?
— கொச்சித் தமிழர்

பதில்: அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும். உள்ளே என்ன வாயு என்பதை நீங்கள் அனலைசரில் அளந்து, கம்ப்யூட்டரில் போட வேண்டும். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜனைக் கூட்டிய காற்று. 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு, ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4 பார் என்ற வரம்பில், ஆழ எல்லை 33 மீட்டர். போட மறந்தால் கம்ப்யூட்டர் அதை வெறும் காற்று என்றே நினைத்துக்கொண்டு, 38 மீட்டரிலும் வாயைத் திறக்காது.

கேள்வி: பியூல்மேன், ஆர்.ஜி.பி.எம். என்று அல்காரிதம் பெயர் சொல்லிக் குழப்புகிறார்கள். எது நல்லது? எந்தக் கம்பெனி?
— ஈரோடு வாசகர்

பதில்: கதை 1908இல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹால்டேன், ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துப் பார்த்து முதல் அட்டவணைகளைப் போட்டார். சுவிஸ் மருத்துவர் பியூல்மேன் அதை விரித்து, உடம்பை 16 கற்பனைத் திசு அறைகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் நைட்ரஜனை ஏற்றும், இறக்கும். மிக மெதுவான அறைக்குப் பாதி நிரம்பவே 635 நிமிடம். ஷியர்வாட்டரும் கார்மினும் இதைத்தான் ஓட்டுகின்றன. சுன்டோ, கிரெஸ்ஸி மாடல்களில் குமிழிகளையும் கணக்கில் எடுக்கும் ஆர்.ஜி.பி.எம். வகை அதிகம்.

எல்லாமே மாதிரிகள்தான். நேற்று இரவு தூங்கவில்லை, சரக்கு சற்று அதிகம் என்பதெல்லாம் எந்த அல்காரிதத்துக்கும் தெரியாது. கூட வருபவரின் கருவி உங்களுடையதைவிடக் கண்டிப்பானதாக இருந்தால் அதன் பேச்சைக் கேளுங்கள், சண்டை முடிந்தது.

நான் அல்காரிதத்தைவிடத் திரையைப் பார்ப்பேன். நாற்பது தாண்டியவரா? கடையில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை நீட்டி எண்களைப் படித்துப் பாருங்கள். காற்று, ஆழம், மீதி நேரம் மூன்றும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், பட்டனைத் தட்டித் தேடக் கூடாது. வாட்ச் போன்ற சிறிய அழகுச் சாதனங்கள் கல்யாண வீட்டில் எடுபடும், கலங்கிய நீரில் பெரிய திரைதான் கைகொடுக்கும். புதுச்சேரிக் கடலில் சில நாள் உங்கள் துடுப்பே உங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் விற்பனை முடிந்தபின் சர்வீஸுக்கு எங்கே அனுப்புவார் என்றும் கேளுங்கள். பதிலில் வெளிநாடு வந்தால், சீசன் நடுவில் கெடும் கருவி அடுத்த சீசனுக்குத்தான் வீடு திரும்பும்.

கேள்வி: பேட்டரி மாற்றுவதா, சார்ஜ் போடுவதா?
— திருச்சி வாசகர்

பதில்: தீவுக்குப் போகிறவருக்குக் கழற்றி மாற்றும் பேட்டரி. ஷியர்வாட்டர் ‘பெர்டிக்ஸ்’ சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும், அது பெட்டிக்கடையிலும் கிடைக்கும். டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் சி.ஆர்.2 அல்லது சி.ஆர்.123ஏ லித்தியம் கேட்கும், அது பெட்டிக்கடையில் கிடைக்காது. இரண்டு உபரியாக எடுத்துப்போங்கள், விமானத்தில் கைப்பையில்தான். போட்டதும் ஓ-ரிங்கில் ஒரு தலைமுடிகூட இல்லை என்று பார்த்து மூடுங்கள். விமானம் என்றதும் ஞாபகம் வருகிறது: பல டைவ் போனவர் பறக்க 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் காலை விமானம் என்றால் முந்தின நாள் பிற்பகல் டைவ் கிடையாது.

கேள்வி: படகுப் பையன் டிரான்ஸ்மிட்டரைப் பிடித்து டேங்கைத் தூக்கினான். உடைந்துவிட்டது. யார் மேல் தப்பு?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: அதைப் பிடிக்கத் தோதான வடிவத்தில் செய்தவர்கள் மேல். டேங்கின் எடை 14 கிலோவுக்கு மேல், ரெகுலேட்டரோடு இன்னும் கூடும். அதைத் தாங்க அந்தத் திருகு செய்யப்படவில்லை. குட்டை ஹோஸ் ஒன்றின் நுனியில் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தும் வழி உண்டு, அப்போது யாரும் அதைக் கைப்பிடி என்று நினைக்க மாட்டார்கள். அதைவிட மலிவான வழி, படகில் ஏறியதும் அந்தப் பையனிடம் அதைக் காட்டி ‘தம்பி, இதைப் பிடிக்காதே’ என்று சொல்லி, டிப்ஸை இறங்கும்போது தருவதாகச் சொல்வது.

கேள்வி: பழைய ஏர்-இன்டகிரேட்டட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— புதுச்சேரி வாசகர்

பதில்: டிரான்ஸ்மிட்டர் கூட வருகிறதா, அது இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, திரும்பப் பெறப்பட்ட மாடலா என்று பாருங்கள். ‘அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ்’ என்ற மாடலின் 1990களின் நடுப்பகுதிக் கருவிகளை அமெரிக்காவில் 2003இல் திரும்பப் பெற்றார்கள். இரண்டு டைவுக்கு நடுவே படகில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் நீங்கள் நைட்ராக்ஸ்தான் சுவாசிக்கிறீர்கள் என்று அது கணக்குப் போட்டது. அதனால் நைட்ரஜன் வேகமாகக் கழிந்துவிட்டதாக நினைத்து, அடுத்த டைவுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தது. அப்படிப்பட்ட சரக்கு பரணிலிருந்துதான் பாதி விலைக்கு வரும்.

கேள்வி: சுறா வந்தால் இந்தக் கம்ப்யூட்டர் எச்சரிக்குமா?
— சேலம் சிறுவன், 6-ஆம் வகுப்பு

பதில்: எச்சரிக்காது, தம்பி. ஆனால் கரைக்கு வந்தபின் பதிவைப் போனில் திறந்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுத்தோம் என்ற கோடு இருக்கும். அது எந்த இடத்தில் எகிறியிருக்கிறதோ, சுறா வந்தது அந்த நிமிடம். அப்பாவின் கோட்டையும் வாங்கிப் பார். ‘நான் பயப்படவே இல்லை’ என்று அவர் சொல்லி முடித்த பிறகு.